நிலம் வாங்கியதும் ‘முதலில்’ வாகன நிறுத்துமிடமா? யார் சொல்லிக் கொடுத்தது இதை?

ஒற்றையடி:
பக்கத்து இழையில் திறந்தவாசல் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். அவர் எழுதியது இது, ஓர் எழுத்துகூட மாற்றவில்லை: “இயற்கைப் பாதுகாப்புக்காக ஒரு நிலத்தை வாங்கினால் முதலில் செய்ய வேண்டியது வாகன நிறுத்துமிடம். வண்டி நிறுத்த இடமில்லாத காடு மக்களுக்கு இல்லாத காடு.”

பதினெட்டு வருடமாகக் காட்டுப் பாதை போடுகிறவன் நான். முதலில் செய்ய வேண்டியது நிலத்தை நடந்து பார்ப்பது. மழையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தச் சரிவில் மண் நழுவுகிறது, எந்தப் புதரில் கூடு இருக்கிறது, பக்கத்து நிலத்துக்காரருக்கு எந்த வழியாக வழிநடைப் பாத்தியம் இருக்கிறது, எல்லாம் பார்த்து, படமும் வரைபடமுமாக எழுதி வைத்து, அதைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். அது இல்லாமல் பத்து வருடம் கழித்து ‘நிலம் கெட்டுவிட்டது’ என்று சொன்னால் எதோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்?

பிரிட்டனில் இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் மக்களுக்காகக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1895-ல் தொடங்கியபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் நிலம் வேல்ஸில் டினாஸ் ஓலே என்ற குன்றுச் சரிவு, ஐந்து ஏக்கர்கூடத் தேறாது. கொடுத்தவர் ஃபேனி டால்பாட் என்ற அம்மையார். புல் பாதை இருக்கலாம், பொருத்தமான இடத்தில் கல் இருக்கை இருக்கலாம், தார்ப் பாதை கூடவே கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். மக்களுக்காகவே கொடுத்த நிலம் அது. நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மையாருக்குப் புரிந்தது இன்றைக்குத் திட்ட மேலாளர் என்று போட்டுக்கொள்கிறவர்களுக்குப் புரியவில்லை.

திறந்தவாசல்:
என் பெயரில் இழையே திறந்தாச்சா, சரி. பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து சண்டை போடுவது உங்களுக்குப் புதிதல்ல. அடுத்த வரியில் நான் எழுதியதை ஏன் விட்டீர்கள்? “நிறுத்துமிடத்தின் அளவுதான் உள்ளே போகும் ஆட்களின் அளவு.” இருபது வண்டிக்கு இடம் போட்டால் ஒரு நேரத்தில் அறுபது, எழுபது பேர். அதற்கு மேல் வருகிறவர் இடமில்லை என்று திரும்பிப் போவார். வேலியும் காவலும் இல்லாமல் கூட்டத்தை அடக்க இதைவிட எளிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

நிறுத்துமிடம் போடாமல் திறந்த ஒரு திட்டத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரமே சாலையின் இரண்டு ஓரமும் வண்டி, புல்வெளிமேல் வண்டி, பக்கத்து வீட்டு வாசலை அடைத்து வண்டி. ஒருவர் கால் முறிந்து கிடக்கிறார், ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்களுக்கு அடுத்த நிலத்தைத் தருவதாக இருந்தவர். அதன்பிறகு எங்கள் முகத்திலேயே விழிக்கவில்லை. நீங்கள் புல் பாதையைப் பற்றிக் கவிதை பாடுங்கள்.

ஒற்றையடி:
கவிதை இல்லை ஐயா, கேள்வி. ‘முதலில்’ என்று எழுதினீர்களா இல்லையா? நிறுத்துமிடமே வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ‘முதலில்’ என்ற வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிறுத்துமிடம் கூட்டத்தை அடக்கும் என்கிறீர்கள். அமெரிக்காவில் ஸையன் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் நடந்தது என்ன? வண்டிகளின் நெரிசல் தாங்காமல் 2000-ல் ஷட்டில் பேருந்து விட்டார்கள். பேருந்து ஓடுகிற பருவத்தில் சொந்த வண்டியைப் பள்ளத்தாக்குச் சாலைக்குள் விடுவதில்லை. அதுவும் போதாமல் அங்கே ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு 2022-லிருந்து முன் அனுமதிச் சீட்டு. நிறுத்துமிடத்தால் கூட்டம் அடங்கும் என்றால் இதெல்லாம் எதற்கு?

திறந்தவாசல்:
அந்த ஷட்டிலில் ஏறுகிறவர் தன் வண்டியை எங்கே விட்டுவிட்டு ஏறுகிறார்? தோளிலா தூக்கி வருகிறார்? வாசலில் இருக்கும் நிறுத்துமிடத்தில்தான் விடுகிறார். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள், நன்றி.

ஒற்றையடி:
‘முதலில்’?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பணத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நிலம் வாங்கப் பணம் கிடைத்துவிடும், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம், பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதால் கொடுப்பவர் வரிசையில் நிற்பார். அடுத்த முப்பது வருடம் பாதையில் விழும் மரத்தை அறுக்கிறவனுக்குக் கூலி யார் தருவது? அமெரிக்காவில் நிலமும் நீரும் காக்கும் நிதி என்று 1964-ல் சட்டம் போட்டு, பிற்பாடு கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் கட்டும் தொகையிலிருந்து நிலம் வாங்கினார்கள். 2020-ல் அதை வருடம் 90 கோடி டாலர் என்று நிரந்தரமாக்கினார்கள். அதே சட்டத்தில் தேங்கிக் கிடந்த பராமரிப்பு வேலைகளுக்காகத் தனியாக வருடத்துக்கு 190 கோடி டாலர் வரை ஐந்து வருடத்துக்கு ஒதுக்க வேண்டிவந்தது. வாங்குகிற தொகையைப்போல இரண்டு மடங்கு, பழுது பார்க்க மட்டும். வாங்கும்போதே பராமரிப்புக்கு ஒரு வைப்புநிதி ஒதுக்காத திட்டம் என்னைப் பொறுத்தவரை திட்டமே இல்லை. முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

ஒற்றையடி:
கணக்குப்பிள்ளை அண்ணே, நிதி பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் போன வருடம் மரப்பலகை நடைமேடை பற்றிய இழையில் “சேற்றில் நடந்தால் செருப்புதான் அழுக்காகும், பலகைக்குச் செலவு தண்டம்” என்று எழுதியவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

சேற்றில் நடந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் குனிந்து டேப் வைத்து அளந்திருக்கிறேன். இரண்டு அடிப் பாதையில் ஒரே இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. முதலில் வருபவர் கால் நனையாமல் ஓரத்துப் புல்மேல் மிதித்துப் போகிறார். பத்துப் பேர் போனதும் அந்தப் புல் சாய்ந்துவிடும், ஐம்பது பேருக்கு அதுவும் சேறு. அடுத்தவர் இன்னும் தள்ளிப் போகிறார். இரண்டு பருவத்தில் அந்த இடம் பதினேழு அடி அகலம். நடுவில் ஒரு புல்கூட இல்லை, வேர்கள் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிகின்றன. அதே இடத்தில் பாதையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, மேலே ஒரு சிறு ஏற்ற இறக்கம் கொடுத்துத் தண்ணீரை வழியிலேயே இறக்கிவிட்டிருந்தால் பலகையே தேவைப்பட்டிருக்காது. பாதை ஏறும் சாய்வு குன்றுச் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. அதைச் செய்யாமல் விட்டார்கள், ஏனென்றால் அந்தத் திட்டத்தில் முதலில் செலவு செய்தது எதற்குத் தெரியுமா? நிறுத்துமிடத்துக்கு.

கணக்குப்பிள்ளை:
நான் ‘தண்டம்’ என்று எழுதவில்லை. ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று எழுதினேன். தேடிப் பார்த்துவிட்டுப் பேசவும்.

ஒற்றையடி:
தேடினேன். அந்தப் பதிவு திருத்தப்பட்டிருக்கிறது. திருத்திய நாள் அடியிலேயே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
எழுத்துப்பிழை திருத்தினேன்.

மண்புழு:
எனக்கு இந்த இரண்டு கட்சியும் வேண்டாம். நியூசிலாந்தில் கௌரி என்ற பெரிய காட்டு மரங்களைக் கொல்லும் நோய்க் கிருமி மண்ணில் இருக்கிறது, காலணியில் ஒட்டிய ஒரு சிட்டிகை ஈரமண் போதும், அடுத்த காட்டுக்குப் போய்விடும். பிடித்தால் மருந்து கிடையாது. அதற்காக 2018-ல் வைட்டாக்கரே மலைக்காட்டையே மூடினார்கள். தாய்லாந்தில் மாயா விரிகுடாவை அதே வருடம் மூடினார்கள், ஆள் வராமல் போனதும் கரும்முனைச் சுறாக்கள் கரையோரம் வரை வந்தன. மனிதன் போகாத இடத்தில் காடு தானே பிழைத்துக்கொள்ளும். சில நிலங்களை வாங்கிப் பூட்டிச் சாவியை எறிந்துவிட வேண்டும். பாதையும் வேண்டாம், நிறுத்துமிடமும் வேண்டாம்.

திறந்தவாசல்:
மண்புழு, பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். மாயா விரிகுடா 2022-ல் திரும்பத் திறந்தது. படகு விரிகுடாவுக்குள் வரக் கூடாது, பின்பக்கம் துறை கட்டி அங்கே இறங்கி நடந்து வர வேண்டும், தண்ணீரில் இறங்கி நீந்தக் கூடாது, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு. வைட்டாக்கரேயிலும் பாதைகளை உயர்த்திப் பலகை போட்டு, காலணி கழுவும் இடம் வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். நுழைவாயில் எங்கே என்பதை முதலில் முடிவு செய்ததால்தான் இரண்டும் நடந்தது. நுழைவாயில் என்றால் என் மொழியில் நிறுத்துமிடம். இன்னும் ஒன்று, பூட்டிய நிலத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள், யார் வரி கட்டுவார்கள்? இங்கிலாந்தில் 1932-ல், தனியார் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நானூறு பேர் அத்துமீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் அந்தக் கோபத்தின் வழி வந்தது. நடக்க விடாத நிலத்தின்மேல் யாருக்கும் பாசம் வராது.

ஒற்றையடி:
இப்போது ‘நிறுத்துமிடம்’ ‘நுழைவாயில்’ ஆகிவிட்டதா? நாளைக்கு ‘படகுத்துறை’ ஆகும். எழுதியது ‘வாகன நிறுத்துமிடம்’. அத்தோடு கிண்டர் ஸ்கவுட்டில் ஏறியவர்கள் காரில் வந்து நிறுத்திவிட்டா ஏறினார்கள்? மில்லிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஐயா. அவர்களிடம் ஏது கார்?

பொன்வண்டு:
முதல் தடவை எழுதுகிறேன். நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மக்கள் வந்து போவதை, ‘பொது அணுகலை’, பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறீர்கள், அது என்ன என்று யாராவது சொல்லுங்களேன். வாசல் வரை வருவதா, உள்ளே போவதா, மரத்தடியில் ஒரு மணிநேரம் உட்காருவதா? போன மாதம் புதிதாகத் திறந்த ஒரு காப்பிடத்துக்குப் போனேன். எனக்கான நிறுத்துமிடம் இருந்தது, நீலக் கோடு போட்டு, அழகாக. அதிலிருந்து பாதை தொடங்கும் இடத்தில் வண்டிகள் புகாதபடி ஒரு மரக்கட்டை குறுக்கே கிடந்தது. அரை அடி உயரம்தான். கூட வந்தவர்கள் உள்ளே போய்விட்டு ஒரு மணிநேரம் கழித்து வந்தார்கள். நான் அந்தக் கட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திறந்தவாசல்:
பொன்வண்டு அம்மா, நீங்கள் சொன்னது மனதைத் தைக்கிறது. பார்த்தீர்களா ஒற்றையடி? இவர் அந்த இடம் வரைக்குமாவது வந்தது நிறுத்துமிடத்தால். உங்கள் புல் பாதையில் இவர் எப்படி வருவார்? அதனால்தான் சொன்னேன், முதலில்...

ஒற்றையடி:
நிறுத்துமிடம் இருந்தும் உள்ளே போக முடியவில்லை என்றுதானே அவர் எழுதியிருக்கிறார்! படிக்கத் தெரியாதா? அம்மா, அமெரிக்க அணுகல் வாரியம் 2013-ல் காட்டுப் பாதைக்கு விதி வகுத்தது. பாதையின் அகலம் 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இருபதுக்கு ஒன்று, அதாவது இருபது அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம், என்ற சரிவு வரை தொடர்ந்து போகலாம், பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் 200 அடிக்குள் ஓய்விடம் வேண்டும். இதை நிலத்தில் பார்த்து முடிவு செய்யாமல் நிறுத்துமிடத்தை முதலில் ஓர் இடத்தில் போட்டுவிட்டால், அப்புறம் சரிவு எங்கே வாய்க்கிறதோ அங்கேதான் பாதை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ‘முதலில்’ என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாரா இல்லையா?

பொன்வண்டு:
உங்கள் இரண்டு பேர் சண்டைக்கும் நான் ஆயுதம் இல்லை. என் கேள்வி அப்படியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கட்டையை எடுக்கக் கூலி ஒரு நாள்கூட ஆகாது. பராமரிப்பு நிதி இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள். நான் சொன்னதுதான். மற்றபடி, எழுத்துப்பிழை விஷயத்தில் ஒற்றையடி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மண்புழு:
கட்டையை எடுத்தால் இரவில் மோட்டார் சைக்கிள் உள்ளே போகும். எதற்காகப் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒற்றையடி:
மோட்டார் சைக்கிளைத் தடுத்துச் சக்கர நாற்காலியை விடும் வாசல் அமைப்பு இருக்கிறது, நானே மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இங்கே பேச்சை மாற்ற வேண்டாம். திறந்தவாசல் இரண்டு மணிநேரமாக இணைப்பில் இருக்கிறார், பச்சைப் புள்ளி தெரிகிறது, பதில் மட்டும் வரவில்லை.

திறந்தவாசல்:
பதில் சொல்லியாயிற்று, உங்களுக்குப் பிடித்த பதில் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. வாங்கிய நிலம் ஆறு வருடமாகப் பூட்டியே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வு முடியவில்லை, ஆய்வு முடியவில்லை என்றே சொன்னார்கள், உங்களைப்போன்ற நிபுணர்கள்தான். பணம் கொடுத்த ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதில் இரண்டு பெரியவர்கள் உள்ளே கால் வைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் எழுதினேன் ‘முதலில்’ என்று. மாற்ற மாட்டேன்.

ஒற்றையடி:
ஆக, ‘முதலில்’ என்றுதான் எழுதினீர்கள். ஒத்துக்கொண்டதற்குப் படம் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக்குக் காலையில் எனக்குச் சரிவில் கல் அடுக்கும் வேலை இருக்கிறது, சாயங்காலம் வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

திறந்தவாசல்:
வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்?

ஒற்றையடி:
பேருந்தில் போகிறேன். கடைசி நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. கடப்பாரையோடு.