மூடிய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அடியிலிருந்து ஏறும் நீர்: நல்ல சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலநீரியல் சொற்பட்டியலில் இரண்டு இடங்களில் இன்னும் முடிவு எட்டவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பம்புகளை நிறுத்தியபின் நீர்மட்டம் பழைய நிலையை நோக்கி ஏறுவதை ஆங்கிலத்தில் 'ரீபவுண்ட்' என்கிறார்கள். ஏறிய நீர் தரையை எட்டி வீட்டிலும் சாலையிலும் தேங்கினால் அது 'கிரவுண்ட்வாட்டர் ஃப்ளடிங்'. வரைவில் முதலாவதற்கு 'மீள்துள்ளல்', இரண்டாவதற்கு 'நிலத்தடி நீர் வெள்ளம்' என்று இருக்கிறது. இரண்டும் நெருடுகின்றன. ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும் நீருக்குத் துள்ளல் ஏது? ஜெர்மானியர் இதைச் 'சுரங்கநீர் ஏற்றம்' என்ற பொருளில் 'க்ரூபன்வாசர்அன்ஷ்டீக்' என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் அப்படியே போகலாமா?

அன்புடன்.

———

> இரண்டாவதற்கு 'நிலத்தடி நீர் வெள்ளம்'

ஐயா, துள்ளலைவிட இந்த 'வெள்ளம்'தான் எனக்கு அதிகம் இடிக்கிறது. வெள்ளம் என்றதும் யாரும் மணல் மூட்டையைத் தேடுவார்கள், வாசலை அடைப்பார்கள். இந்த நீர் வாசல் வழியாக வருவதில்லை. தளத்துக்கு அடியிலிருந்து, சுவரும் தளமும் சேரும் மூலையிலிருந்து, குழாய் நுழையும் ஓட்டையிலிருந்து வருகிறது. மூட்டை அடுக்கினால் உள்ளே ஊறிய நீர் வெளியேற வழியில்லாமல் போவதுதான் மிச்சம்.

அடுத்த தவறு இன்னும் செலவு வைக்கும். கசிகிறதே என்று அடித்தளத்தின், அதாவது தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையின், தளத்தின் மேல் கான்கிரீட் போட்டு இறுக்கி மூடுவார்கள். கணக்கைப் பாருங்கள்: 15 செ.மீ. தடிமனான கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிலோ எடை. வெளியே நீர்மட்டம் தளத்தின் அடிப்பக்கத்தைவிட 36 செ.மீ. உயர்ந்தாலே அடியிலிருந்து தள்ளும் விசை அந்த எடைக்குச் சமம். அதற்கு மேல் சுவரின் பிடிப்பும் தளத்தின் வலிமையும்தான் காக்க வேண்டும். அவை போதாவிட்டால் தளம் நடுவில் உப்பி விரியும், நீர் விரிசல் வழியாக வரும். ஏற்கெனவே நீர் நிரம்பிய அடித்தளத்தை ஒரே மூச்சில் இறைப்பதும் இதே ஆபத்துதான். உள்ளிருந்த எதிரழுத்தம் போய்விடும், வெளியே மண் நீரில் ஊறிக் கனத்து நிற்கும், சுவர் உள்பக்கம் சரியும். வெளி மட்டம் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து இறைக்க வேண்டும்.

சரியான வழி நீரைத் தடுப்பதல்ல, அழுத்தத்தை இறக்குவது. சுவரோரம் தளத்துக்கு அடியில் துளையிட்ட குழாய், சுற்றிலும் சரளை, தாழ்ந்த மூலையில் ஒரு குழி, அதில் மிதவை சுவிட்ச் உள்ள பம்பு, வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு. சுரங்கப் பகுதியில் இதற்கும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு: இரும்பு. அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் முதலில் பளிங்குபோல இருக்கும். சில மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் கலங்கி அடியில் காவி படிந்திருக்கும். கரைந்த இரும்பு காற்று பட்டுத் துருவாக மாறிய படிவு அது. குழாயின் துளைகளைக் கூழ்போல அடைப்பதும் அதுவே. குழாய் எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்படி அமைத்தால் காற்று புகாது, படிவு குறையும். கழுவுவதற்கு மூடி திறக்கும் இணைப்புகள் கட்டாயம்.

இன்னொன்றையும் விட முடியாது. ஏறும் நீர் பழைய குடைவுகளில் இருந்த காற்றை மேலே தள்ளும். அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுந்தும் இருக்கலாம், மீத்தேனும் கலந்திருக்கலாம். நீருக்கு முன்னாலேயே இது அடித்தளத்துக்குள் வந்துவிடும். வாயு அளவி ஆக்சிஜனை 19.5 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் உள்ளே இறங்கக் கூடாது.

ஆகவே, எந்தச் சொல்லானாலும் 'அடியிலிருந்து' என்பது அதில் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

———

அம்மா சொல்வது சரி. கிணற்றில் நீர் 'ஊறுகிறது', 'சுரக்கிறது' என்கிறோம், அங்கிருந்து தொடங்கலாம். நான் எடை போட்டுப் பார்த்த சொற்கள்:

ஓதம்: சுவரில் ஏறும் ஈரத்துக்கு வழங்கும் சொல். ஆனால் புவியியல் பாடநூல்கள் உயர் ஓதம், தாழ் ஓதம் என்று கடலுக்குக் கொடுத்துவிட்டன. கைவிடுவோம்.

ஊறல்: பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் 'ஊறல் அழிப்பு' என்று படித்துப் பழகியவர் மனத்தில் சாராயப் பானைதான் வரும்.

மீள்நிரப்பல்: மழைநீர் நிலத்துள் இறங்குவதற்கு இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. இங்கே போட்டால் காரணமும் விளைவும் குழம்பும்.

மீட்சி: நலம் பெறுவதுபோல ஒலிக்கிறது. வீட்டுக்குள் நீர் வந்தவரிடம் இது மீட்சி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

எனக்குப் பிடித்தவை இரண்டு. நிகழ்வுக்கு 'மீளேற்றம்', விளைவுக்கு 'ஊற்றுப்பெருக்கு'. 'ஊற்று' என்றாலே அடியிலிருந்து வருவது, விளக்கம் தேவையில்லை. நீர் இறைக்கும் கருவிக்கும் ஏற்றம் என்று பெயர் உண்டே என்பார்கள். 'நீர்மட்ட மீளேற்றம்' என்று முழுமையாக எழுதினால் குழப்பம் வராது.

———

> நிகழ்வுக்கு 'மீளேற்றம்', விளைவுக்கு 'ஊற்றுப்பெருக்கு'

இரண்டுக்கும் என் ஒப்புதல். ஆனால் மூன்றாவதாக ஒரு சொல் இல்லாமல் இவை நிற்காது. ஏறும் நீர் எந்த உயரத்தில் நிற்கும், எங்கே வெளிவரும் என்பதைக் குறிக்கும் சொல் அது.

நிலத்தடியில் ஒரே ஏரி கிடையாது. ஒன்றோடொன்று இணைந்த குடைவுகள் ஒரு தொகுதி. அதற்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே வெட்டாமல் விட்ட நிலக்கரிச் சுவர். எங்கோ ஓர் உயரத்தில் ஒரு பழைய பாதை அந்தச் சுவரைத் துளைத்துப் போகும். முதல் தொகுதி அந்த உயரம்வரை நிரம்பும், பிறகு அடுத்ததற்கு வழியும். ஏரித் தொடரில் மேல் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்து கீழ் ஏரிக்குப் போகிறதே, அதே வேலை. அதனால் அந்த உயரத்துக்கு 'மறுகால் மட்டம்' என்பதே என் பரிந்துரை. கடைசித் தொகுதியின் மறுகால் தரைக்கு வரும் இடம் பெரும்பாலும் பழைய வடிகால் சுரங்கத்தின் வாய், செங்குத்துக் குழி, அல்லது பள்ளத்தாக்கில் ஒரு பிளவு.

இதை அறியாமல் ஏற்றத்தின் வேகத்தைக் கோடு போட்டு நீட்டிக் கணிப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நிலக்கரி எடுத்த அடுக்கில் வெற்றிடம் அதிகம், மட்டம் மெல்ல ஏறும். இரண்டு அடுக்குகளுக்கு இடையே தோண்டாத பாறையில் நீர் தங்க இடம் குறைவு, அங்கே விரைந்து ஏறும். மறுகால் மட்டத்தை எட்டியதும் மாதக்கணக்கில் நின்றுவிடும். நின்றுவிட்டது, ஆபத்து நீங்கியது என்று நினைப்பார்கள், அடுத்த தொகுதி நிரம்பியதும் மறுபடி ஏறும். மேலே வர வர, நீர் உள்ளே வரும் விசை குறைவதால் ஏற்றமும் தளரும். செங்குத்துக் குழியில் தானியங்கி மட்டமானி வைத்து அளவெடுத்து, பழைய சுரங்க வரைபடத்தோடு ஒப்பிடுவது ஒன்றே நம்பத்தக்க வழி.

இன்னும் ஒரு எச்சரிக்கை. ஊற்றுப்பெருக்குக்கு மீளேற்றம் மட்டுமே காரணம் என்று வரையறையில் எழுதிவிடாதீர்கள். நிலக்கரியை எடுத்த இடத்தில் கூரை சரிந்து மேல்நிலமே தாழ்ந்திருக்கும். நீர்மட்டம் ஏறாவிட்டாலும் தரை அதனிடம் இறங்கி வந்துவிட்டது. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. 2018 டிசம்பரில் பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டு ஜெர்மனியின் கருநிலக்கரித் தொழில் முடிந்தது. ஆழத்தில் சுரங்கநீரை இறைப்பது ஒரு பணி, தாழ்ந்த நிலத்திலிருந்து மேல்நீரை இறைப்பது இன்னொரு பணி; இரண்டுக்கும் முடிவே இல்லை. 'ஏவிஷ்கைட்ஸ்லாஸ்டன்', என்றென்றைக்குமான சுமைகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்சின் லொரேன் பகுதியில் 2004ல் லா ஹூவ் சுரங்கத்தோடு அந்நாட்டு நிலக்கரித் தொழில் முடிந்தது. அங்கே நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறையிலும் நீர்மட்டம் ஏறுவதால், தாழ்ந்த பள்ளத்தாக்கு வீடுகளுக்குத்தான் தொல்லை. பம்புகள் ஓடிய காலத்தில் உலர்ந்த நிலம் என்று நம்பிக் கட்டிய வீடுகள் அவை.

———

மிக்க நன்றி. பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

நீர்மட்ட மீளேற்றம்: இறைப்பு நின்றபின் சுரங்கத்திலும் சூழ்ந்த பாறையிலும் நீர்மட்டம் மீண்டும் ஏறுதல்.
மறுகால் மட்டம்: ஒரு குடைவுத் தொகுதியின் நீர் அடுத்ததற்கோ தரைக்கோ வழியும் உயரம்.
ஊற்றுப்பெருக்கு: நிலத்தடி நீர் அடியிலிருந்து தரையையோ அடித்தளத்தையோ எட்டித் தேங்குதல்; காரணம் மீளேற்றம், நிலத்தாழ்வு, தொடர்மழை எதுவாகவும் இருக்கலாம்.

மீதம் ஒன்று. முதலில் வெளிவரும் நீரில் குடைவுச் சுவர்களில் படிந்த உப்புகள் கரைந்து இரும்பும் சல்பேட்டும் உச்சத்தில் இருக்கும். நிரம்ப எடுத்த காலத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் கழித்தே இது தணியும் என்பது துறையில் வழங்கும் தோராயம். இதற்கு 'முதற்கழுவல்' சரியா, 'முதல் அலசல்' சரியா?

———

அலசல். கழுவினால் சுத்தமாகிவிட்டது என்று பொருள்; அலசுவது பலமுறை நடக்கும்.