அடையாறு தேறுதா? நேரில் பார்த்து அளந்தவங்க எழுதுங்க

கோட்டூர்புரம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை:

ஆகாயத்தாமரையை வாரி, கரையை ஒழுங்குபடுத்தி, வேலி போட்டு, மரக்கன்று நட்ட பகுதி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தண்ணீர் தேறுகிறதா என்று நாமே பார்த்துவிடலாமே என்று கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பிற்பகல் மூன்று மணி. பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைத்து, குமிழி இல்லாமல் மூடி எடுத்தோம். மாங்கனீசு சல்பேட், அப்புறம் கார அயோடைடு. காபித்தூள் நிறத்தில் வீழ்படிவு இறங்கியது. அந்த நிறம் வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று அர்த்தம். அது எவ்வளவு என்று தரம் பார்த்தபோது (டைட்ரேஷன்) லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். மீன்வளத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4தான். பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். நானும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன், வெட்கமில்லாமல்.

கூட வந்த ஒரு பையனுக்கு மட்டும் சந்தேகம். "தண்ணி இவ்வளவு பச்சையா இருக்கே மேடம், காலையில ஒருதரம் பாக்கலாமா?" மறுநாள் ஐந்தரைக்குப் போனோம். அதே இடம், அதே மருந்து. வீழ்படிவு வெள்ளையாகவே நின்றது. வகுப்பில் முப்பது வருஷம் நடத்திய பாடம்தான், ஆனால் அந்த வெள்ளையை நான் அதுவரை பாட்டிலில் பார்த்ததே இல்லை. பகலில் வெயில் பட்டுப் பாசி விடுகிற ஆக்சிஜனை ராத்திரி அந்தப் பாசியும் சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து இழுத்து முடித்துவிடுகின்றன. மூன்று மணிக் கணக்கும் பொய்யில்லை. ஆனால் மீனுக்கு உயிர் போவது விடியலில்.

உங்களுக்கும் இப்படி ஏமாந்த கதை இருக்குமே?

ஊரூர் குப்பம்:

டீச்சர், நீங்க மணி பாத்தீங்க. கடலைப் பாத்தீங்களா? முகத்துவாரம் திறந்திருந்தா கடல் ஏறும்போது உப்புத்தண்ணி உங்க பாலம் பக்கம் வரைக்கும் வரும். அந்த நேரத்துல யார் வந்து அளந்தாலும் ஆறு நல்லாத்தான் இருக்கும். நீங்க அளக்கறது அடையாறு இல்ல, வங்காள விரிகுடா. வாய மணல் மூடிட்டா கதையே வேற, உள்ள நிக்கறது பூராவும் ஊர்த் தண்ணிதான். அதனால ஒவ்வொரு தடவையும் கடல் ஏத்தமா இறக்கமா, முகத்துவாரம் திறந்திருக்கா, தண்ணியில உப்பு எவ்வளவு, மூணையும் சேத்து எழுதுங்க. இல்லன்னா அந்த நோட்டுக்கு அர்த்தமே இல்ல.

எங்க வீட்டுல அளக்கறது அம்மாதான். அப்பா உடைஞ்ச பாலத்துக்கிட்ட வீச்சு வலை போட்டு மடவை கொண்டாருவார். அம்மா செவுளைத் தூக்கி மோந்து பாப்பாங்க. சீமெண்ணெய் வாடை அடிச்சா குழம்புக்குப் போகாது, பூனைக்குத்தான். தூர்வாரின வருஷம் மடவை நிறையவே விழுந்துது. பூனைக்கும் நல்ல வேட்டை.

பெசன்ட் நகர், பறவை பார்ப்பவன்:

என் கதையும் சொல்லிடறேன். கழிமுகத்தில் நெடுங்கால் உள்ளான் கூட்டம் கூட்டமாக இறங்கியதைப் பார்த்து 'ஆறு மீள்கிறது' என்று ஒரு கட்டுரையே எழுதினேன். படித்த மூத்தவர் ஒருவர் என்னைச் சேற்றுக்குக் கூட்டிப்போய் ஒரு கை மண்ணை அள்ளிச் சல்லடையில் அலசச் சொன்னார். சிவப்புச் சிவப்பாய் நூல் மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காத பூச்சி ஒன்றின் புழு. நம் ரத்தத்தில் இருப்பது போல அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு, அதனால் ஆக்சிஜன் அற்றுப்போன சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். சாக்கடை சேரச் சேர இது பெருகும், இதைத் தின்னத்தான் உள்ளான் வருகிறது. ஆக்சிஜன் குறைந்தால் தாங்காத மேஃபிளைப் பூச்சியின் புழு ஒன்றாவது சல்லடையில் சிக்கட்டும், அன்றைக்கு நான் மறுபடி கட்டுரை எழுதுகிறேன்.

மீனைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். டேங்க் கிளீனர் மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மேலே வந்து காற்றையே விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூர், அங் மோ கியோ:

இங்கே காலாங் ஆற்றில் பிஷான் பூங்காவையொட்டி 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் வேலை முடிந்தது. பிறகு நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடியேறி ஊரே கொண்டாடியது, நானும் பிள்ளைகளோடு போய் நின்றேன். ஆனால் ஒன்று, இந்த ஊரில் கழிவுநீருக்குத் தனிக்குழாய், ஆற்றுக்கு வருவது மழைநீர் மட்டும். அந்த வேலையை ஆற்றைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். நீர்நாய் படத்தைப் போட்டு 'நம்ம ஊரிலும் வரும்' என்று பகிர்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பேர் வேண்டாம், முன்பு தூர்வாரும் காண்ட்ராக்டில் சூப்பர்வைசர்:

எங்களுக்கு அளவு லோடு கணக்குதான். எத்தனை லோடு எடுத்தோம், எத்தனை மீட்டர் முடித்தோம். தண்ணி எப்படி இருக்குன்னு பில்லுல ஒரு கட்டம் கூடக் கிடையாது. ஒரு வருஷம் லாரி வரல, எடுத்த மண்ணைக் கரையிலேயே கொட்டி வச்சோம். ஐப்பசி மழையில பாதி உள்ளேயே திரும்பிப் போச்சு. அடுத்த வருஷம் அதையே எடுத்தோம், அதே நீளம். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி யாராவது ஆழத்தை அளந்து எழுதி வச்சிருந்தா மாட்டியிருப்போம். யாரும் அளக்கல. டீச்சர், அளக்கறதுன்னா வேலைக்கு முன்னாடியே ஆரம்பிங்க. வேலை நடக்காத ஒரு இடத்தையும் மேல்பக்கம் சேத்துக்குங்க, ஒப்பிட.

கோட்டூர்புரம், ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. ஊரூர் தம்பி சொன்னபடி இப்போது உப்பும் கடல் ஏற்ற இறக்கமும் எழுதுகிறோம். விடியலும் கடல் இறக்கமும் சேர்ந்து வரும் ஞாயிறு மட்டும்தான் பாட்டில் எடுக்கிறோம். 'முன்பு' என்ற அளவு எங்களிடம் இல்லை, அது போனது போனதுதான். அதனால் மேல்பக்கம் இன்னும் கைவைக்காத ஒரு வளைவையும் சேர்த்துக்கொண்டோம்.

இன்னொன்றும் செய்கிறோம், அதற்கு மருந்தே வேண்டாம். எங்கள் பகுதியில் ஆற்றில் வந்து விழும் மழைநீர் வடிகால் வாய்களை மே மாதத்தில் நடந்து எண்ணினோம். மழையே இல்லாத மாதத்தில் மழைநீர்க் குழாயில் தண்ணீர் ஓடினால் அது என்ன தண்ணீர்? ஏழு வாயில் மூன்று ஓடிக்கொண்டிருந்தது. புகார் எழுதி, திரும்ப எழுதி, ஒன்று நின்றது. நின்றதை எப்படி உறுதிசெய்வது என்று யோசித்தபோது அந்தப் பையன்தான் காட்டினான்: குழாய் வாய்க்குக் குறுக்கே சிலந்தி வலை. அன்றிலிருந்து நோட்டில் 'வலை' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டோம்.

நாலு ஞாயிறு வலை முழுசாக இருந்தது. போன ஞாயிறு அறுந்திருந்தது. அந்த வாரம் மழை இல்லை.