புதுப்பிப்பு: பி1-ஓடு ஜெர்மனிக்குக் கிளம்பலாமா என்று கேட்டிருந்தேனே

பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 நிலையோடு போகலாமா, அதற்கடுத்த பி2 நிலையும் எழுதிவிட்டுப் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பி1-ஓடு வந்துவிட்டேன். விசா சிக்கல் இல்லை. ஆனால் பி2-வும் நம் படிப்புக்கு ஜெர்மனியின் அங்கீகாரமும் வரும்வரை முழு நர்ஸ் கிடையாது. உதவியாளர் வேலை, அதற்கேற்ற சம்பளம். வீட்டில் கடன் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

நம் படிப்பில் என்ன குறைகிறது என்று இங்குள்ள அரசு அலுவலகம் கடிதம் தரும். பிறகு பயிற்சிக் காலம் அல்லது நம் அறிவைச் சோதிக்கும் 'கென்ட்னிஸ்ப்ரூஃபுங்' தேர்வு, நம் விருப்பம். நான் தேர்வு எழுதினேன், பாஸ்! வாய்மொழி, செய்முறை இரண்டும் உண்டு. ஃபெயிலானால் இன்னொரு வாய்ப்புதான்.

செய்முறையில் பாட்டி ஒருவரைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் சூடு போதுமா, முகத்துக்கு சோப்பு வேண்டுமா என்று கேட்டுக்கேட்டுத்தான் செய்ய வேண்டும். கழுவாத இடமெல்லாம் துண்டால் மூடியிருக்க வேண்டும். ஊரில் இதெல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பாடு. இங்கே நர்ஸின் வேலை. ஐ.வி. (நரம்பில் ஊசி) போடுவதில் நான் கில்லாடி, ஆனால் என் வார்டில் அதை டாக்டர்தான் போடுகிறார்!

ஜெர்மனிக்கு அனுப்பப் பணம் கேட்ட ஏஜென்ட் விஷயம்: அவரை விட்டுவிட்டேன். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். முந்தைய பதிவில் பி2-வை ஊரிலேயே முடிக்கச் சொன்ன அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. ஷிப்ட் முடிந்து வந்து இலக்கணம் படிப்பது கொடுமை.