21.3 வந்த குடுவை

[குடும்ப வாட்ஸ்அப் குழு – செவ்வாய், இரவு 8:42]

நான்: அத்தை, இருக்கிறீர்களா? இன்று லேபில் பர்மாங்கனேட் டைட்ரேஷன். குடுவையிலுள்ள அமிலத்தோடு வினை முடிய எத்தனை மில்லி பர்மாங்கனேட் செலவாகிறது என்று அளக்க வேண்டும். மூன்று முறை செய்தேன், மூன்றும் மூன்று விதம். 19.6, 21.3, 20.4 மில்லி. நாளைக்குள் ரெக்கார்ட் நோட்டு கொடுக்க வேண்டும்.

நான்: பக்கத்து மேஜைத் தோழி, 19.6 தான் எல்லாருக்கும் வருகிறது, மூன்று இடத்திலும் அதையே எழுதிவிடு என்கிறாள்.

அம்மா: முதலில் சாப்பிடு. அப்புறம் எழுதலாம்.

அத்தை: இருக்கிறேன்டா. எதையும் இன்னும் எழுதாதே. குடுவையில் ஆக்சாலிக் அமிலம், பியூரெட் அளவுக் குழாயில் பர்மாங்கனேட், அப்படித்தானே?

நான்: ஆமாம் அத்தை. 20 மில்லி, 0.1 நார்மல் செறிவுள்ள ஆக்சாலிக். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கினேன்.

அத்தை: மூன்று குடுவையையும் தனித்தனியாகச் சூடாக்கினாயா, ஒன்றாகவா?

நான்: ஒன்றாக. நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன்.

அத்தை: அப்படியானால் முதல் குடுவையை முடிப்பதற்குள் மற்ற இரண்டும் ஆறியிருக்கும். இரண்டாவதில் பழுப்பாகக் கலங்கல் வந்ததா?

நான்: வந்தது! எப்படித் தெரியும்? அழுக்குக் குடுவை என்று நினைத்தேன்.

அத்தை: அது அழுக்கு இல்லை, மாங்கனீசு டை ஆக்சைடு. இப்போது எலக்ட்ரானை எண்ணிப் பார். பர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7. ஒழுங்காக நடந்தால் +2 வரை இறங்கும், 5 எலக்ட்ரான் வாங்கும். பழுப்பு நிலையில் +4-இல் நின்றுவிடுகிறது.

நான்: 3 எலக்ட்ரான் மட்டும்.

அத்தை: அதேதான். ஒவ்வொரு பர்மாங்கனேட்டும் குறைவாக வாங்குகிறது. அதனால் அதே ஆக்சாலிக் அமிலத்துக்கு அதிகப் பர்மாங்கனேட் செலவாகிறது. உன் 21.3 அங்கிருந்து வந்திருக்க வேண்டும். ஆறிய கரைசல், வேகமாக விட்ட பர்மாங்கனேட், அமிலம் போதாமை, எதுவானாலும் இந்தப் பழுப்பு வரும். நீ வேகமாக விட்டாயா?

நான்: ஆமாம் அத்தை. எல்லாரும் முடித்துக்கொண்டிருந்தார்கள். திருகை நன்றாகத் திறந்துவிட்டேன். மூன்றாவதை லேசாக மட்டும் மறுபடி சூடாக்கினேன்.

அப்பா: ஒரு மில்லி, இரண்டு மில்லி வித்தியாசம் இவ்வளவு பெரிய விஷயமா?

அத்தை: அண்ணா, பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி சுமார் 0.05 மில்லி. 19.6-க்கும் 21.3-க்கும் நடுவில் 34 துளி இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒன்றில் பர்மாங்கனேட் 0.102 நார்மல், இன்னொன்றில் 0.094. ஒரே பாட்டிலுக்கு இரண்டு செறிவு இருக்க முடியாது.

தம்பி: அக்கா, ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியிருந்தால்?

நான்: குளோரைடையும் பர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், குளோரின் வரும். அதிலும் அளவு கூடிவிடும். அதனால்தான் கந்தக அமிலம்.

அத்தை: சபாஷ். இன்னொன்று கேட்கிறேன். முதல் குடுவையில் முதல் துளி விழுந்ததும் என்ன நடந்தது?

நான்: நிறம் போகவே இல்லை. கலக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் மெதுவாகப் போனது. அடுத்தடுத்த துளிகள் விழுந்தவுடனே மறைந்தன.

அத்தை: ஏன் என்று தெரியுமா?

நான்: தெரியவில்லை. சூடு ஏறியதாலா? ஆனால் அடுப்பிலிருந்து எடுத்துவிட்டேனே, ஆறத்தான் செய்திருக்கும்.

அத்தை: நல்ல யோசனை. சூடு குறைந்துகொண்டே போகிறது, வினை மட்டும் வேகமாகிறது. அப்படியென்றால் குடுவைக்குள் புதிதாக ஏதோ உண்டாகி வேகப்படுத்துகிறது. முதல் துளியால் என்ன உண்டானது?

நான்: மாங்கனீசு +2... ஐயோ அத்தை, வினையில் உண்டாகும் பொருளே அந்த வினையை வேகப்படுத்துவது, இதுதான் தன்வினையூக்கமா?! போன வாரம் இதன் வரையறையைத் தேர்வில் எழுதி 2 மதிப்பெண் வாங்கினேன். கண்ணெதிரே நடந்தபோது அடையாளமே தெரியவில்லை.

அத்தை: இனிமேல் மறக்காது. வகுப்பில் அது ஒரு வரி. குடுவையில் அது நீ காத்திருந்த அந்த அரை நிமிடம். எனக்கு இந்தப் பாடம் பிடித்துப்போனதே இப்படி ஒரு மதியத்தில்தான்.

அம்மா: கண்ணாடி போட்டுக்கொண்டுதானே செய்தாய்?

நான்: போட்டிருந்தேன் அம்மா.

நான்: அப்படியானால் அத்தை, 19.6 சரி. அதையே எழுதலாமா?

அத்தை: கூடாது. 19.6 சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குத் துணை நிற்க இன்னொரு அளவு இல்லை. முடிவில் வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றதா?

நான்: நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். மணி பார்க்கவில்லை.

அத்தை: அப்போது வினை முடியச் சில துளி முன்பே நீ நிறுத்தியிருக்கலாம். மூன்று அளவையும் உள்ளபடியே எழுது. 21.3-க்கு எதிரே "பழுப்புக் கலங்கல்" என்று குறி. அழிக்காதே, மேலே திருத்தி எழுதாதே. மறுபடி செய்ய நேரம் தருமாறு பேராசிரியரிடம் கேள். நானும் படித்த காலத்தில் ஒருமுறை அளவைத் திருத்தி எழுதினேன். மதிப்பெண் வந்தது. எங்கே தவறினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, அது இன்னும் உறுத்துகிறது.

நான்: சரி அத்தை. கேட்கிறேன்.

அத்தை: இந்தமுறை ஒவ்வொரு குடுவையாக 60–70 டிகிரிக்குச் சூடாக்கு. கொதிக்க விட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். பர்மாங்கனேட் அடர் நிறம், பியூரெட்டில் கரைசல் மட்டத்தின் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பைப் பார். தொடக்கம், முடிவு இரண்டையும் ஒரே மாதிரி.

[வெள்ளி, மாலை 4:15]

நான்: அத்தை!!! 19.8, 19.8, 19.8.

நான்: பழுப்பு வரவே இல்லை. முதல் துளிக்கு 40 விநாடி காத்திருந்தேன். இரண்டாவது துளி அதைவிடச் சீக்கிரம் போனது.

தம்பி: 19.6 இல்லையா அப்போது?

நான்: இல்லை. நான்கு துளி முன்பே நிறுத்தியிருக்கிறேன்.

அப்பா: பேராசிரியர் என்ன சொன்னார்?

நான்: பழைய மூன்று அளவும் அதே பக்கத்தில் இருக்கட்டும் என்றார். பழுப்புக்குக் காரணம் கேட்டார், சொன்னேன். இன்னொரு குழுவுக்கும் அதே கலங்கல் வந்திருந்தது, அவர்களுக்கு நீ விளக்கு என்று அனுப்பிவிட்டார்.

அத்தை: குடுவையின் படம் எடுத்தாயா?

நான்: 📷 படம்

அத்தை: இந்த நிறம்தான். இதற்கு மேல் ஒரு துளிகூட வேண்டாம்.