புதுச்சேரிக் கரையில் மணல்: கவனித்தவர்கள் பகிர்ந்தவை

கரையைப் பார்க்க வருகிறவர்கள் நேரே காந்தி சிலைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் தெற்கே வீராம்பட்டினம் போங்கள். மணல் அகலமாகக் கிடக்கும். அதற்கு வடக்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகப் போட்ட இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் அங்கேதான் கடலுக்குள் நீள்கின்றன. ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் மணலை வடக்கே தள்ளும், வாடைக் காலத்தில் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மணலைச் சுவர் தெற்கிலேயே நிறுத்திவிட்டது. தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அதைச் சரியாக நடத்தியிருந்தால் நகரக் கரை போயிருக்காது.

\*

மேலே சொன்னது சரி. அரிப்பைத் தடுக்க நகரக் கரையோரம் கொட்டிய கருங்கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் கொட்டினால் சாலை தப்பும், மணல் வராது. மோதித் திரும்பும் அலை கல்லின் அடிமணலைப் பறிக்கும், கல் சரியும், மறுபடி கொட்ட வேண்டும். கல் வரிசை எங்கே முடிகிறதோ அதற்கு வடக்கே அரிப்பு ஆரம்பம். இப்படித்தான் அது வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போனது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் அப்படியே: தெற்குப் பக்கம் நிரம்பும், வடக்குப் பக்கம் கரையும்.

தலைமைச் செயலகம் எதிரே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 வாக்கில் எஃகுத் திட்டு ஒன்றை நீருக்கடியில் இறக்கியது. அலை அதில் உடைந்து வேகம் குறைவதால் பின்னால் மணல் தங்குகிறது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்ததால்தான் கரை திரும்பியது. திட்டு மட்டும் போதும் என்று வேறு ஊர்க்காரர்கள் நினைக்க வேண்டாம்.

\*

அளக்க விரும்புவோருக்கு: சாலையோரச் சுவரில் மாறாத ஓர் அடையாளம் வைத்து, அங்கிருந்து நீர்விளிம்பு வரை நாடா பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஜனவரி அளவைச் செப்டம்பரோடு ஒப்பிட்டால் பருவ மாற்றமே அரிப்பாகத் தெரியும். ஜனவரியை அடுத்த ஜனவரியோடு ஒப்பிடுங்கள். புயலுக்கு மறுநாள் அளவைத் தனியாகக் குறியுங்கள், போன மணலில் ஒரு பங்கு பிறகு திரும்பும்.

மணல் வந்துவிட்டதே என்று கற்களின் பக்கத்தில் குளிக்க இறங்காதீர்கள். கரையேறிய நீர் அங்கே ஒடுங்கிக் கடலுக்குள் இழுத்தோடும். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கற்களை விட்டு விலகும் திசையில் கரையோடு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள்.