விழுந்தவர் எப்படி முந்துகிறார்? ஃபிகர் ஸ்கேட்டிங் சந்தேகம்

குமரிக்கரை:
ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங்கை விடாமல் பார்ப்பேன். மதிப்பெண் மட்டும் பிடிபடவில்லை. பனியில் விழுந்தவர், பிழையே இல்லாமல் ஆடியவரை முந்திவிடுகிறாரே, எப்படி? இன்னொன்று: டொராண்டோவில் இருக்கும் அக்கா மகள் (9 வயது) வகுப்பில் சேரப்போகிறாள். விழுந்தால் பெரிதாக அடிபடுமா?

நான்குசுற்று:
விழுவதில் லாபம் எதுவும் இல்லை, கணக்கைப் பாருங்கள். காற்றில் நான்கு சுற்று சுற்றும் லட்ஸ் என்ற தாவலுக்கு அடிப்படை மதிப்பு 11.5. சுற்றை முடித்துவிட்டு விழுந்தால், நடுவர்கள் நேர்த்திக்குத் தருவது −5; அதிலேயே மதிப்பில் பாதி போய்விடும். மிச்சம் 5.75. விழுந்ததற்குத் தனியாக 1 கழியும், ஆக 4.75. மூன்று சுற்று லட்ஸைச் சுத்தமாக இறக்கினாலே 5.9. ஆனால் பயந்து இரண்டு சுற்றோடு நிறுத்தினால் வெறும் 2.1! விழுந்தும் முந்துகிறவர் மற்ற தாவல்களிலும் சுழற்சிகளிலும் சேர்த்து வைத்திருப்பார்.

விழுவதைவிடக் கொடுமை, காற்றில் உடலை இறுக்காமல் பாதியில் திறந்துவிடுவது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யுவின் பிளேடு பனியில் இருந்த குழியில் சிக்கியது. நான்கு சுற்று சால்கோ தாவல் ஒரே சுற்றானது. குறும்பிரிவில் (முதலில் ஆடும் குறுகிய ஆட்டம்) அதற்குப் பூஜ்யம்தான். எட்டாம் இடத்துக்குப் போனவர், நீள்பிரிவில் (அடுத்து ஆடும் நீண்ட ஆட்டம்) நான்கு சுற்று ஆக்ஸல் தாவலுக்கே துணிந்தார். விழுந்தார், சுற்றும் குறைந்தது. ஆனாலும் மொத்தத்தில் நான்காம் இடம். அந்தத் துணிச்சலுக்காகவே அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

வெளிவிளிம்பு:
லட்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அடுத்த முறை ஸ்லோ மோஷனில் இடது கணுக்காலைக் கவனியுங்கள். பிளேடின் அடியில் நடுவே பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்புகள். லட்ஸுக்குப் பின்னோக்கி, இடதுகால் வெளிவிளிம்பில் நீண்ட வளைவாக வர வேண்டும். வலதுகால் டோ பிக்கைக் (பிளேடின் முன்நுனிப் பற்கள்) குத்தி எழும்போது, உடல் அந்த வளைவுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அழகும் கஷ்டமும் அங்கேதான். சுற்றுக்கு வேகம் தேடுகிற உடல் கடைசி நொடியில் கணுக்காலை உள்பக்கம் சாய்த்துவிடும். அப்போது அது லட்ஸ் அல்ல, உள்விளிம்பில் எழும் ஃப்ளிப் தாவல் போலாகிவிடும். தொழில்நுட்பக் குழு கண்டுபிடித்தால் மூன்று சுற்று லட்ஸுக்கு 5.9 அல்ல, அதில் 80 சதவீதம், 4.72தான். (இடப்பக்கம் சுற்றுபவர்களுக்குச் சொன்னேன், வலப்பக்கம் சுற்றுபவர்களுக்குக் கால் மாறும்.)

பனித்தளம்:
குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். முதல் வகுப்பிலேயே விழக் கற்றுக்கொடுப்பார்கள். தடுமாறினால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பக்கவாட்டில் தொடையும் பிட்டமும் படும்படி விழ வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பிறர் பிளேடு ஏறிவிடக்கூடாது.

கான்ஸ்கேட் (கனடாவின் தொடக்கநிலை ஸ்கேட்டிங் பயிற்சி) வகுப்பு என்றால் ஐந்தாம் நிலை முடியும்வரை சிஎஸ்ஏ (கனடாவின் தரநிலை அமைப்பு) முத்திரை உள்ள ஹாக்கி ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் கூடாது. ஷூவுக்கு மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடி போதும். லேஸ் கணுக்காலில் இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் சற்றுத் தளர்வாகவும் இருந்தால்தான் முழங்கால் மடங்கும்.

உண்மையான ஆபத்து பின்னால், தாவல்கள் தொடங்கும்போதுதான். எல்லாத் தாவலும் ஒரே காலில் இறங்குவதால் பாதத்தில் நுண்முறிவு, இடுப்பு வலி, முதுகு வலி வரும். இறங்கும் காலில் வலி என்றால் அன்றைக்குத் தாவலே வேண்டாம்.

குமரிக்கரை:
நன்றி! புது ஷூவோடு வரும் பிளேடை அப்படியே பயன்படுத்தலாமா?

பனித்தளம்:
பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும், கால் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஃபிகர் ஸ்கேட் தீட்டத் தெரிந்தவரிடமே கொடுங்கள். டோ பிக்கைத் தேய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.