ஒழுங்கை வீடுகள் குறூப்: மிஞ்சுற சோறு

மாலினி: மத்தியானச் சோறு நாளாந்தம் மிஞ்சி வாளிக்குத்தான் போகுது. எப்பிடிக் குறைக்கிறது?

தவம் அண்ணை: உலை வைக்க முதல் எத்தினை பேர் வருவினம் எண்டு கேளுங்கோ தங்கச்சி. கையால அள்ளிப் போடாதேங்கோ, சுண்டால அளவுங்கோ. சோறு அரிசியின்ர நிறையில ரண்டரை மடங்காவது வரும். அரைச் சுண்டு கூடினா ஒரு ஆளின்ர சாப்பாடு மிஞ்சும்.

ரதி ரீச்சர்: அளவு தெரிஞ்சாலும் கை கூடத்தான் போடும். ஆரும் வந்தா சோறு போதாமப் போயிடுமோ எண்ட பயம்தான் காரணம். வறுத்த மா எப்பவும் இருந்தா அரை மணித்தியாலத்துக்குள்ள ஒரு நீத்துப்பெட்டி புட்டு இறக்கலாம். அந்தத் துணிவு இருந்தாத்தான் பானையில போடுற அரிசி குறையும். வீட்டுக் குப்பை சின்ன விசயமில்லை. ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின்ர 2024 அறிக்கையில, 2022இல கடை, சாப்பாட்டுக்கடை, வீடு மூண்டிலயும் வீணான சாப்பாட்டில 60 வீதம் வீடுகளில எண்டு இருக்கு.

மாலினி: மிஞ்சினது இரவு வரைக்கும் பானையில இருக்கலாமோ ரீச்சர்?

ரதி ரீச்சர்: வேண்டாம். மூடின பானையில நடுச்சோறு மணிக்கணக்கா இளஞ்சூட்டில நிக்கும். பசிலஸ் சீரியஸ் எண்ட கிருமியின்ர வித்து அவிச்சாலும் சாகாது, அந்தச் சூட்டில முளைச்சு நஞ்சு விடும். திருப்பிச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அகலத் தட்டில பரப்பி ஆறவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜில வையுங்கோ. பிரிட்ஜ் இல்லாட்டி மத்தியானமே பக்கத்து வீட்டுக்குக் குடுக்கிறது நல்லம்.

செல்வன்: கரண்ட் நிண்டா?

தவம் அண்ணை: கதவைத் திறக்காட்டி 4 மணித்தியாலம் குளிர் நிக்கும். அதுக்கு மேல போனா சோறு, மீன், பால்கறி எறியத்தான் வேணும்.

ரதி ரீச்சர்: பால்கறிக்கு ஒரு வழி இருக்கு. தேங்காய்ப்பால் விட்டதுதான் கெதியாப் புளிக்கும். மரக்கறி அவிஞ்சவுடன பாதியை எடுத்து ஆறவைச்சு பிரிட்ஜில வையுங்கோ. மற்றப் பாதிக்கு மட்டும் பால். இரவு எடுத்துக் கொதிக்க வைச்சுப் புதுப்பால் விடலாம்.

செல்வன்: பிரிட்ஜில வைச்சதே மறந்து போகுதே.

ரதி ரீச்சர்: கண்ணாடிப் போத்திலில போட்டு முன்தட்டில வையுங்கோ. பின்னுக்குப் போனது பழுதாகித்தான் வெளியில வரும். புதுசு சமைக்க முதல் அந்தத் தட்டைப் பாருங்கோ.

மாலினி: மிச்சம் கோழிக்குப் போடலாமோ?

தவம் அண்ணை: வெறும் சோறு எண்டா போடலாம். உப்புக் கூடின கறி வேண்டாம். பூஞ்சணம் பிடிச்சது கோழிக்கும் கூடாது, தென்னையடியில தாட்டு விடுங்கோ.